பெங்களூர் எரு

ஊர்களின் பெயர் உலகில் பரவுவதற்குக் காரணங்கள் பல. பத்தமடைக்குப் பாயும், திண்டுக்கல்லுக்குப் பூட்டும், காஞ்சிக்குப் பட்டும் பெருமை தேடித் தந்தன. பெங்களூரு என்றவுடன் இன்று எவர் நினைவிலும் முன்வந்து நிற்பது கணிப்பொறித் தொழில். ஆயினும், அத்தொழில் இந்நகரில் கால்கொள்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, வேளாண்மை நூல்களிலும் சுகாதார நூல்களிலும் இந்நகரின் பெயர் இடம்பெற்றுவிட்டது. அதற்குக் காரணமான பொருளைச் சொன்னால் அன்பர்கள் வியப்படையக்கூடும். அப்பொருள் குப்பை. ஊர்க் குப்பையையும் கழிவையும் நல்ல எருவாக மாற்றும் வழி ஒன்று 'பெங்களூர் முறை' என்ற பெயராலேயே உலகில் வழங்கி வருகிறது. அதன் வரலாற்றைத் தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் மக்களுக்குச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, கல்வியின் பொருட்டுப் பெங்களூருக்கு வந்தவன். உணவுத் தொழில்நுட்பம் பயிலும் மாணவன். கழிவுகளைப் பற்றிய பாடத்தில் ஒருநாள் 'பெங்களூர் முறையை விளக்குக' என்ற வினா வந்தது. குழியின் ஆழம் இவ்வளவு, அடுக்கின் கனம் இவ்வளவு என்று எழுதி, மதிப்பெண்ணும் பெற்றேன். அன்றிரவே எங்கள் விடுதியின் பின்புறத்தில், எஞ்சிய சோறும், காய்கறித் தோலும், நெகிழிக் குவளையும், உடைந்த கண்ணாடியும் ஒரே பீப்பாயில் ஒன்றாகக் கொட்டப்படுவதைக் கண்டேன். நாள்தோறும் கண்ட காட்சிதான். ஆனால் அன்றுதான் அது என் கண்ணை உறுத்தியது. தேர்வுத்தாளில் பெங்களூர் முறையை எழுதும் நாங்கள், பெங்களூரில் இருந்துகொண்டே அதைக் கைவிட்டது எவ்வாறு? இவ்வினாவே என்னைப் பழைய வரலாற்றைத் தேடச் செய்தது.

மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்னும் அறிவு நமக்குப் புதியதன்று. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்ற கருத்தை வள்ளுவர் உழவு அதிகாரத்திலேயே வைத்துப் போனார். நம் சிற்றூர்களில் வீட்டுக்கொரு குப்பைக்குழி இருந்தது. மாட்டுச் சாணமும், அடுப்புச் சாம்பலும், தொழுவத்துக் கூளமும் அதில் சேர்ந்தன. சித்திரை மழைக்கு முன் அக்குழியை வெட்டி, வண்டியிலேற்றி, நிலத்திற்குக் கொண்டு சென்றார்கள். கன்னட நாட்டிலும் இதே வழக்கம்தான்; எருவை அவர்கள் 'கொப்பர' என்பர். வயலில் விளைந்தது வீட்டிற்கு வந்தது. வீட்டில் எஞ்சியது வயலுக்குச் சென்றது. இவ்வாறு சக்கரம் தடையின்றிச் சுழன்றது.

நகரங்கள் பெருகியபோதுதான் அச்சக்கரம் அறுபட்டது. நெல்லும், கேழ்வரகும், காய்கறியும் நாட்டுப்புறத்திலிருந்து நகரத்திற்கு வண்டி வண்டியாக வந்தன. ஆனால், அவற்றோடு வந்த மண்ணின் சத்து நாட்டுப்புறத்திற்குத் திரும்பவில்லை. அது நகரத்தின் ஓரத்தில் குப்பைமேடாகவும், சாக்கடையாகவும் நின்று, ஈக்களையும் நோயையும் வளர்த்தது. சீனம், கொரியா, சப்பான் ஆகிய நாடுகளில் பயணம் செய்த அமெரிக்க மண்ணியல் அறிஞர் கிங் என்பவர், அந்நாட்டு உழவர் நகரக் கழிவைத் தவறாமல் நிலத்திற்குச் சேர்த்ததாலேயே நாற்பது நூற்றாண்டுக் காலம் தம் மண்ணின் வளம் குன்றாமல் காத்தனர் என்று எழுதினார். அவருடைய நூல் 1911இல் வெளிவந்தது. கீழ்நாட்டார் பழக்கத்தால் அறிந்திருந்த ஒன்றை, நோய் பரவாத வகையில், அறிவியல் முறைப்படி செய்வது எவ்வாறு என்பதே அக்காலத்து அறிஞர் முன் நின்ற சிக்கல்.

அச்சிக்கலை எடுத்துக்கொண்ட இடங்களுள் ஒன்று பெங்களூர். ஜாம்செட்ஜி டாட்டாவின் கனவாகிய இந்திய அறிவியல் கழகம் 1909இல் நிறுவப்பெற்றது. மைசூர் அரசு அதற்கு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. மக்கள் இன்றும் அதனை 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்றே அழைக்கின்றனர். 1916இல் கில்பர்ட் பவுலர் என்னும் ஆங்கிலேய வேதியியலார் அங்கே பேராசிரியராக வந்தார். அவர் மான்செஸ்டர் நகரத்துச் சாக்கடைத் துறையில் பணியாற்றியவர். சாக்கடை நீரில் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே நீரைத் தூய்மையாக்கும் வழியொன்று 1914இல் அந்நகரில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அவ்வழி பிறப்பதற்குத் தூண்டுகோலாக இருந்தவருள் பவுலரும் ஒருவர். இன்று உலகின் பெருநகரங்கள் பலவும் சாக்கடை நீரை அவ்வழியிலேயே தூய்மை செய்கின்றன. அத்தகையவர் பெங்களூரில் அமர்ந்து, கழிவில் வாழும் நுண்ணுயிர்களைப் பகைவராக அன்றிப் பணியாளராக நோக்கும் பார்வையை இந்திய மாணவர்களுக்குக் கற்பித்தார்.

அக்கழகத்தின் உயிர் வேதியியல் துறையில் பின்னர்ப் பேராசிரியராக விளங்கியவர் டாக்டர் வி. சுப்பிரமணியன். இவர் 1920களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், நீர் தேங்கி நிற்கும் மண்ணில் நிகழும் மாற்றங்களை ஆராய்ந்தவர். நீர் தேங்கிய மண் என்றால் என்ன? நம் நெல் வயல்தான். காற்றுப் புகாத சேற்றில் தழையும் தாளும் எவ்வாறு மட்குகின்றன, தழைச்சத்து எவ்வாறு காக்கப்படுகிறது அல்லது இழக்கப்படுகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. அதே நிலையத்தில், காற்றில்லாத இடத்தில் வைக்கோல் மட்கும் வகையை ஆராய்ந்து 1935இல் கட்டுரைகள் வெளியிட்டவர் சி. என். ஆச்சார்யா. இவ்விருவரும் பெங்களூரில் ஒருங்கே பணியாற்றினர். நெல் வயலின் சேற்றில் கற்ற பாடமே பின்னர் நகரக் குப்பைக்கும் பயன்பட்டது என்று எண்ணும்போது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது.

அவர்களுக்கு முன்னரே இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் அறிஞர், யசுவந்த் வாட் என்பாரின் துணையோடு எருவாக்கும் முறை ஒன்றை வகுத்திருந்தார். 1931இல் அவர்கள் அதனை நூலாக வெளியிட்டனர். இந்தூர் முறையில் குப்பைக் குவியலைப் பலமுறை கிளறிப் புரட்டி, நீர் தெளித்து வரவேண்டும். பண்ணைக்கு அது மிகப் பொருத்தமானது. ஆனால், ஒரு நகராட்சி நாள்தோறும் சேரும் மலக்கழிவையும் குப்பையையும் அவ்வாறு கிளறிக்கொண்டிருக்க இயலுமா? கூலியும் மிகும், நாற்றமும் ஈயும் பெருகும், கிளறுவோரின் நிலையோ சொல்லத் தகுவதன்று. ஆதலின், ஒருமுறை அடுக்கி மூடிவிட்டால் பின்னர்க் கைபடாமல் தானே எருவாகும் வழி தேவைப்பட்டது. 1939இல் ஆச்சார்யா அவ்வழியை வகுத்தளித்தார். அதுவே பெங்களூர் முறை.

அம்முறை எளியது. ஊரெல்லைக்கு அரை மைலேனும் அப்பால் குழி எடுக்கவேண்டும். ஆழம் 3 அடிக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் மட்குவது தாமதமாகும். அகலம் 5 முதல் 8 அடி வரையும், நீளம் தேவைக்கேற்பவும் இருக்கலாம். அடியில் 6 அங்குலக் கனத்திற்குக் குப்பையைப் பரப்ப வேண்டும், அதன்மேல் 2 அங்குலக் கனத்திற்கு மலக்கழிவு, மீண்டும் குப்பை, மீண்டும் கழிவு. இவ்வாறு மாறி மாறி அடுக்கி, தரைமட்டத்திற்கு மேல் ஓரடி உயர்ந்ததும், உச்சியில் முக்கால் அடிக்குக் குறையாமல் குப்பையைப் பரப்பி, குழியிலிருந்து எடுத்த மண்ணைக்கொண்டு மூடிவிட வேண்டும். செம்மையாக அடுக்கப்பட்டதா என்பதை அறியவும் வழியொன்று உண்டு: அதன்மேல் ஒருவர் நடந்தால் அவர் கால் உள்ளே புதையலாகாது.

மூடிய பின் உள்ளே நிகழ்வது வியப்புக்குரியது. குப்பையில் கரிச்சத்து மிகுதி. மலக்கழிவில் தழைச்சத்து மிகுதி. இரண்டும் சேர்ந்தவிடத்தில் நுண்ணுயிர்கள் விருந்துண்டு பெருகுகின்றன. ஏழு நாட்களுக்குள் குழியின் வெப்பம் 60 பாகைக்கு மேல் ஏறுகிறது. இரண்டு மூன்று வாரங்கள் அவ்வாறே நிற்கிறது. அவ்வெப்பத்தில் நோய்க் கிருமிகளும், ஈயின் புழுக்களும் மடிகின்றன. பிறகு வெப்பம் தணிந்து, காற்றில்லாமலே மெல்ல மெல்ல மட்குதல் தொடர்கிறது. நான்கு முதல் ஆறு மாதங்கள் கழித்துக் குழியைத் திறந்தால், நாற்றமற்ற, கருநிறமான, பொலபொலப்பான எரு கிடைக்கிறது. கிளறாமையால் தழைச்சத்து காற்றோடு கலந்து வீணாவதும் குறைகிறது. வைத்தியமும் வேளாண்மையும் ஒரே குழிக்குள் கைகோத்துக்கொண்ட விந்தை இது.

காலமும் இம்முறைக்குத் துணை நின்றது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றது. 1943இல் வங்காளத்தில் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. 'அதிக உணவு விளைவிப்போம்' என்னும் இயக்கம் நாடெங்கும் எழுந்தது. உரத்தொழிற்சாலைகள் அருகியிருந்த அந்நாளில், நகரக் குப்பையே உழவர்க்குக் கிடைக்கக்கூடிய உரச் சுரங்கமாகத் தோன்றியது. நகராட்சிகள் பலவற்றில் எருக்குழிகள் வெட்டப்பட்டன. பெங்களூரின் பெயர் அக்குழிகளோடு ஊர் ஊராகச் சென்றது. இன்றும் இந்திய மருத்துவ மாணவர் பயிலும் சமூக மருத்துவ நூல்களில் அம்முறை விளக்கப்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட நூல்களிலும் அது இடம்பெற்றுள்ளது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். குழிக்குள் கைபடவில்லை என்பது உண்மையே. ஆனால், குழிவரையில் அக்கழிவைக் கொண்டு சேர்த்தவை மனிதக் கைகளும் தலைகளுமே அல்லவா? சாதியின் பெயரால் அவ்வேலையில் தள்ளப்பட்ட மக்கள் விடியுமுன் எழுந்து, கூடையிலும் வாளியிலும் அதனைச் சுமந்தனர். கன்னட நாட்டு நகரங்களில் அவ்வாறு உழைத்தோருள் தெலுங்கு பேசுவோரும், நம் தமிழ் பேசுவோரும் உண்டு. எருவின் பெருமையைப் பேசும் நூல்கள் அவர்கள் பெயரைப் பேசவில்லை. 1970களில் கர்நாடக அமைச்சராயிருந்த பசவலிங்கப்பா, மலத்தைத் தலையில் சுமக்கும் வழக்கத்தை ஒழிக்கப் பெரிதும் பாடுபட்டார். 1993இலும் 2013இலும் தடைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆகவே, பழைய முறையை அப்படியே மீட்டுக்கொண்டு வருவோம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மண்ணுக்கு நன்மை செய்யும் எதுவும் மனிதனுக்கு இழிவு செய்யலாகாது. முறையின் உட்கருத்தை ஏற்று, அதன் கொடுமையை விலக்குவதே நம் கடன்.

அவ்வுட்கருத்து யாது? ஓரிடத்தில் கழிவாக நிற்பது மற்றோரிடத்தில் உணவாகும் என்பதே. இதனை எருவோடு நிறுத்தாமல் மனிதனின் உணவிற்கும் கொண்டு சென்றவர் டாக்டர் சுப்பிரமணியன். 1940களில் பாலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் சோயா மொச்சையிலிருந்து பால் எடுத்து, அதன் ஊட்டத்தை ஆராய்ந்தனர். 1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மைசூரில், செலுவாம்பா மாளிகை என்னும் அரண்மனையில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவரும் அவரே. மன்னர் குலத்தார்க்கென எழுப்பிய மாளிகையில் ஏழை மக்களின் பசிக்கு மருந்து தேடும் பணி தொடங்கியது.

வேர்க்கடலை நம் நாட்டில், சிறப்பாக நம் தென்னாட்டில், மிகுதியாக விளைவது. எண்ணெய் ஆடிய பின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டிற்கும் வயலுக்கும் போயிற்று. ஆனால், எண்ணெய் நீங்கிய அப்பிண்ணாக்கில்தான் கடலையின் புரதம் முழுவதும் தங்கியிருக்கிறது. தூய பருப்பைத் தூய முறையில் ஆட்டி, அதிலிருந்து கிடைக்கும் மாவில் முக்கால் பங்கும், கொண்டைக் கடலை மாவில் கால் பங்கும் சேர்த்து, உயிர்ச்சத்துக்களையும் சுண்ணாம்புச் சத்தையும் கலந்து, மைசூர் நிலையத்தார் 'பல்நோக்கு உணவு' என்ற பெயரில் மாவொன்றைச் செய்தனர். குழம்பிலும் கஞ்சியிலும் ஒரு கை போட்டாலே குழந்தைக்குப் புரதம் கிடைக்கும். அக்காலத்தில் 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எண்ணற்ற வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்றதே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அப்பூசணம் உண்டாக்கும் நஞ்சிற்கு அப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். கழிவை உணவாக்க முனைவோர் எத்துணை விழிப்போடு இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே சான்று. ஈரமான கடலையைச் சேர்த்துவைக்கலாகாது என்று என் பாட்டனார் சொல்லிவந்ததன் பொருளை நான் வகுப்பறையில்தான் உணர்ந்தேன்.

மைசூர்ப் பணி முடிந்த பின் டாக்டர் சுப்பிரமணியன் தஞ்சைத் தரணிக்கு வந்தார். குறுவை நெல் அறுவடையாகும் காலத்தில் மழை பிடித்துக்கொள்வதையும், ஈர நெல் களத்திலேயே முளைவிட்டுக் கெடுவதையும் காவிரிக் கரையார் அனைவரும் அறிவர். 1967இல் திருவாரூரில் தோன்றிய நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் இவ்விடரைத் தீர்க்க முற்பட்டது. ஈர நெல்லைக் கெடாமல் காக்க அவர்கள் கையாண்ட பொருள்களைக் கேளுங்கள்: உப்பும் உமியும்! விலையுயர்ந்த பொறி எதுவுமின்றி, எந்த உழவரின் வீட்டிலும் கிடைக்கும் பொருளைக்கொண்டே நெல்லின் ஈரத்தை வாங்கினர். அம்மையம் பின்னர்த் தஞ்சைக்கு மாறி, வளர்ந்து, இன்று உணவுத் தொழில்நுட்பத்திற்கான தேசியக் கல்வி நிறுவனமாக விளங்குகிறது. கெடாமல் காத்த ஒரு மூட்டை நெல், புதிதாக விளைவித்த ஒரு மூட்டைக்கு ஒப்பாகும். அம்மூட்டைக்கென மீண்டும் நீரும் எருவும் உழைப்பும் செலவிட வேண்டியதில்லை.

இனி, பெங்களூருக்கே திரும்புவோம். பிறருக்கு வழிகாட்டிய இந்நகரம் தன் வழியை இழந்தது எப்படி? நிலத்தடிச் சாக்கடை வந்தது. மனிதன் மலம் சுமக்கும் இழிவைக் குறைத்த வகையில் அது நன்மையே. ஆனால், எருவாகி வயலுக்குச் சென்ற சத்து, அதன்பின் குழாய் வழியே ஏரிக்குச் சென்றது. 1960களுக்குப் பின் தொழிற்சாலை உரம் மலிந்ததால், நகர எருவை நாடி வரும் வண்டிகள் குறைந்தன. மூன்றாவதாக, குப்பையின் இயல்பே மாறியது. அன்றைய குப்பை, சருகும் சாம்பலும் காய்கறித் தோலுமே, புதைத்தால் மட்கும். இன்றைய குப்பையில் நெகிழியும் கண்ணாடியும் மின்கலமும் கலந்து வருகின்றன. அவற்றை எந்த நுண்ணுயிர் உண்ணும்? 1975இல் கர்நாடக அரசு மக்கு உர வளர்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவி நகரக் குப்பையை எருவாக்க முனைந்தது. அம்முயற்சி நின்றுவிடவில்லை, எனினும், நகரம் வளர்ந்த வேகத்திற்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை.

விளைவு என்ன? குப்பை மண்டூருக்கும் மாவள்ளிபுரத்திற்கும் சென்று மலைபோல் குவிந்தது. கிணற்று நீர் கெட்டது என்றும், வீட்டில் அமர்ந்து உண்ண முடியவில்லை என்றும் அவ்வூர் மக்கள் முறையிட்டனர். 2012இல் மாவள்ளிபுரத்துக் கிடங்கு மூடப்பட்டது. பெங்களூரின் தெருக்களில் குப்பை நாட்கணக்கில் தேங்கியது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் மண்டூருக்குச் செல்லும் வண்டிகளும் நின்றன. பெல்லந்தூர் ஏரி வெண்ணுரை பொங்கி நின்றது மட்டுமன்று. 2015இலும், 2017இலும், 2018இலும் அங்கே தீயும் எழுந்தது. நீரில் தீப்பற்றும் என்று நம் முன்னோரிடம் சொல்லியிருந்தால் நகைத்திருப்பர். எருவாகி வயலுக்குச் செல்ல வேண்டியது வழிதவறி ஏரிக்குச் சென்றால், நீரும் எரியும் என்பதை நாம் கண்டுவிட்டோம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2015இல் கர்நாடக உயர்நீதிமன்றம், வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தரவேண்டும் என்று ஆணையிட்டது. ஈரக் குப்பைக்கு ஒரு தொட்டி, நோய் பரப்பக்கூடிய கழிவிற்கு ஒரு தொட்டி, உலர்ந்த பொருளுக்கு ஒரு பை என்பது பெங்களூரில் இல்லத்தரசியர் பலரும் அறிந்த கணக்காயிற்று. 2018 முதல், பெங்களூரின் சாக்கடை நீரைத் தூய்மை செய்து, வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாய் வழியே அனுப்பி வருகின்றனர். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் நீரை அனுப்புவது அத்திட்டத்தின் இலக்கு. அந்நீரின் தூய்மை போதுமா என்ற வினா எழுந்து, நீதிமன்றம் வரை சென்றது. அவ்விழிப்பு என்றும் வேண்டும். எனினும், நகரம் நாட்டுப்புறத்திலிருந்து பெற்றதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரத் தொடங்கியிருக்கிறது என்பது சிறிய செய்தியன்று. பவுலர் கற்பித்த பாடம் நூறாண்டு கழித்துக் கோலார் ஏரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் விடுதிக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். எங்கள் சமையற்கட்டில் கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மையார் ஒருவர் பணிபுரிகிறார். எருவாக்கும் எண்ணத்தை முதலில் அவரிடம்தான் சொன்னேன். ஆச்சார்யாவின் முறையையும், கரிச்சத்து தழைச்சத்துக் கணக்கையும் ஆர்வத்தோடு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எங்கள் ஊரில் குப்பைக்குழி இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இதற்கா இவ்வளவு படிப்பு?" என்றார். நான் தலைகுனிந்தேன், உடனே சிரித்தும் விட்டேன். "எனக்குத் தெரியாததைச் சொல்லவில்லை நீ. ஆனால் சோற்றோடு கண்ணாடியைப் போடுகிற பிள்ளைகளை முதலில் திருத்து" என்றும் அவர் சொன்னார்.

அதுவே கடினமான பகுதியாயிற்று. முதல் முறை நாங்கள் வைத்த தொட்டியில் ஈரம் மிகுந்து, நாற்றமெடுத்து, மாணவர் பலர் எங்களை ஏசினர். சருகு போதவில்லை என்று அம்மையார்தாம் கண்டுபிடித்தார். வளாகத்து மரங்களின் சருகைத் தோட்டக்காரர் கொளுத்துவதை நிறுத்தி, மூட்டையாகக் கட்டித் தந்தார். ஒரு பங்கு காய்கறிக் கழிவிற்கு அதனினும் மிகுந்த சருகு என்று அடுக்கினோம். இரண்டாம் முறை தொட்டியில் கைவைத்தபோது உள்ளிருந்து வெப்பம் ஏறியது. நூலில் படித்த வெப்பத்தை உள்ளங்கையில் உணர்ந்த அந்நாளை நான் மறவேன். நாலைந்து மாதங்களில் கிடைத்த எரு சில கூடைகளே. விடுதி முற்றத்தில் கறிவேப்பிலைக் கன்றுக்கு இட்டோம். இன்று அதன் இலை எங்கள் சாம்பாரில் மணக்கிறது. நாங்கள் நகரத்தைத் திருத்திவிடவில்லை. ஒரு பீப்பாயைத் திருத்தினோம், அவ்வளவே.

தமிழகத்தைவிட்டு வெளியே வாழும் அன்பர்களே! பிழைக்க வந்த ஊரில் நாம் உண்ணும் சோறு அவ்வூர் மண்ணின் கொடை. அந்த மண்ணுக்கு நாம் பட்ட கடனைப் பணத்தால் மட்டும் அடைத்துவிட முடியாது. மும்பையின் மாடிக்குடியிருப்பிலோ, தில்லியின் அரசினர் குடியிருப்பிலோ, பெங்களூரின் அல்சூர்த் தெருவிலோ, எங்கிருந்தாலும் ஈரக் குப்பையை வேறாகப் பிரித்து வைப்பது நம்மால் இயன்ற செயல். குப்பையை எடுக்க வருபவரின் கையில் கண்ணாடி கீறாமல் இருக்கும். அது முதல் பயன். மண்ணுக்கு எரு சேரும். அது இரண்டாம் பயன். ஏரி நீராகவே நிற்கும். அது மூன்றாம் பயன்.

அடுத்த முறை தேர்வில் பெங்களூர் முறையை விளக்கச் சொன்னால், குழியின் அளவுகளை நான் வழக்கம்போல் எழுதுவேன். ஆனால், அம்முறை குழியில் தொடங்குவதில்லை என்பதையும் முதல் வரியில் எழுத எண்ணியிருக்கிறேன். அது நம் அடுக்களையில், தோலைச் சீவிய கை அடுத்த கணம் எங்கே நீளுகிறது என்பதில் தொடங்குகிறது.